ஆஸ்திரேலியா துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியதால் குற்றம் குறைந்ததா, கூடியதா?

யாராக்கரை (மெல்பர்ன்):

எங்கள் வாட்சப் குழுவில் அந்தப் பழைய ஃபார்வர்டு மறுபடியும் வந்திருக்கிறது. "ஆஸ்திரேலிய அரசு மக்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பிடுங்கிய ஒரே வருடத்தில் ஆயுதக் கொள்ளை 44 சதவீதம் கூடியது" என்று போகும் அந்தச் செய்தி. அமெரிக்காவில் இருபது வருடத்துக்கு மேலாகச் சுற்றுகிறது. இன்னொரு பக்கம், அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் "ஆஸ்திரேலியாவைப் பாருங்கள், ஒரே சட்டத்தில் முடித்துவிட்டார்கள்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இந்த நாட்டில் வாழ்கிறவன் என்ற முறையில் இரண்டையுமே என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1996 ஏப்ரல் 28, டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற சுற்றுலாத் தலத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருடையது பழமைவாதக் கட்சி, கூட்டணியில் இருந்ததோ கிராமப்புற விவசாயிகளின் கட்சி. இருந்தும் 12 நாளில், மே 10 அன்று, எல்லா மாநிலங்களையும் ஒரே ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். விசையை அழுத்த அழுத்த அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களும் ஏறக்குறைய எல்லோருக்கும் தடை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவு, வாங்குவதற்கு முன் 28 நாள் காத்திருப்பு, வீட்டில் பூட்டி வைக்கும் கட்டாயம். எனக்கு முக்கியமாகப் படுவது லைசன்ஸ் விஷயம்தான். அதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு அந்தக் காரணங்களில் சேராது. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான வரியை ஒரு வருடத்துக்கு 0.2 சதவீதம் உயர்த்தி, அந்தப் பணத்தில் சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசே வாங்கி அழித்தது. கிப்ஸ்லாந்தில் சேல் என்ற ஊரில் துப்பாக்கிக்காரர்கள் கூட்டத்தில் பேசப் போன ஹோவர்ட், கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு இங்கே குற்றம் என்ன ஆனது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

ஹூஸ்டன்காரன்:

நான் டெக்சஸில் துப்பாக்கி வைத்திருப்பவன். கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறேன். இரவு ஷிஃப்டில் துப்பாக்கி முனையில் கல்லாவைக் காலி செய்துகொண்டு போனார்கள். போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு அப்புறம்தான் வாங்கினேன். இந்த விவாதத்தில் எங்களைப் போன்றவர்களை வெறியர்களாகவே பேசுகிறார்கள், அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிச் சாவு 1996க்கு வெகு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டது. பேக்கர், மெக்ஃபெட்ரன் இருவரும் 2007ல் பிரிட்டிஷ் குற்றவியல் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையைப் படியுங்கள்: கொலை விகிதம் ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்த அதே கோட்டில்தான் தொடர்ந்தது, சட்டத்தால் புதிதாக எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. அமெரிக்காவைப் பாருங்கள். 1991ல் லட்சம் பேருக்கு 9.8 ஆக இருந்த கொலை விகிதம் 2014ல் 4.4. அதே காலத்தில் மக்கள் கையில் துப்பாக்கி கூடியது, பல மாநிலங்களில் சட்டமும் தளர்ந்தது. துப்பாக்கி கூடினால் குற்றம் கூடும் என்றால் இது எப்படி நடந்தது?

---

எண்ணும்எழுத்தும்:

நான் பொதுச் சுகாதாரத் துறையில் புள்ளிவிவர வேலை பார்க்கிறேன். ஹூஸ்டன் அண்ணன் சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் இந்த இழையின் தலைப்பிலேயே எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் அந்த 44 சதவீதம். தொண்ணூறுகளின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் கொள்ளை கூடியது உண்மை. 2001 வரை கூடிக்கொண்டே போனது. காரணம் ஹெராயின். அந்த வருடங்களில் சிட்னியின் கப்ரமட்டா போன்ற இடங்களில் ஹெராயின் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது. அதற்குக் காசு தேடியவர்கள் கத்தியும் ஊசியும் காட்டி வழிப்பறி செய்தார்கள். 2001 ஆரம்பத்தில் திடீரென்று ஹெராயின் வரத்து வறண்டது. கொள்ளையும் திருட்டும் அதன் பின்னாலேயே விழுந்தன. துப்பாக்கிச் சட்டம் 1997லும் அதேதான், 2001லும் அதேதான். ஏற்றத்துக்குச் சட்டத்தைக் குறை சொல்பவர்கள் இறக்கத்துக்கு அதைப் பாராட்டுவதில்லை. சட்டத்தின் ஆதரவாளர்கள் இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு.

நான் சொல்ல வருவது இதுதான். துப்பாக்கிச் சட்டத்தைக் குற்ற விகிதத்தோடு ஒப்பிடுவதே கோணலான ஒப்பீடு. போதைப்பொருள், வேலையின்மை, இளைஞர்களின் எண்ணிக்கை, போலீசின் மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கை என்று குற்றத்தை நகர்த்துபவை நிறைய. துப்பாக்கி நகர்த்துவது இன்னொன்றை: அதே குற்றத்தில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை. ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரும் கார்டன் ஹாக்கின்ஸும் தொண்ணூறுகளில் நியூயார்க்கையும் லண்டனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திருட்டிலும் வீடு புகுவதிலும் லண்டன் நியூயார்க்குக்குச் சளைத்த ஊரில்லை. ஆனால் கொள்ளையிலும் வீடு புகுந்த திருட்டிலும் உயிரிழந்தவர்கள் நியூயார்க்கில் பல பத்து மடங்கு அதிகம். இரண்டு ஊரிலும் திருடன் இருக்கிறான், அவன் கையில் இருப்பதுதான் வேறு.

அமெரிக்காவில் 1991க்குப் பிறகு குற்றம் குறைந்ததும் இப்படித்தான். கிராக் கொக்கெயின் அலை ஓய்ந்தது, போலீஸ் வேலை மாறியது, இன்னும் பல காரணங்கள். அதற்கும் துப்பாக்கி எண்ணிக்கைக்கும் முடிச்சுப் போட முடியாது. அந்தத் தாழ்வான வருடங்களில்கூட அமெரிக்கக் கொலை விகிதம் ஆஸ்திரேலியாவைப் போலப் பல மடங்கு இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

---

வைகைக்கரையான்:

கொல்ல நினைப்பவன் எதை வைத்தும் கொல்வான் தானே? எங்கள் பக்கம் துப்பாக்கி கிடையாது. அரிவாள் போதுமானதாக இருக்கிறது. பழிவாங்கும் கொலைகள் எத்தனை பார்த்திருக்கிறோம்.

---

எண்ணும்எழுத்தும்:

ஆள் போட்டுத் திட்டமிட்டுச் செய்யும் கொலைக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எல்லாக் கொலையும் அப்படி நடப்பதில்லை. மேலே சொன்ன ஜிம்ரிங்கே 1968ல் சிகாகோ போலீஸ் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். கத்திக்குத்தும் துப்பாக்கிச் சூடும் ஒரே மாதிரிச் சண்டைகளில்தான் நடந்தன: குடிபோதை, காதல் தகராறு, தெரிந்தவர்களுக்குள் வாய்ச்சண்டை. தாக்கியவர்களில் பலருக்குக் கொல்லும் தீர்மானம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் துப்பாக்கியால் தாக்கப்பட்டவர்கள் இறந்த விகிதம் கத்தியைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோபம் அதேதான். கத்திக்குத்து பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்ப வாய்ப்பு அதிகம்.

அரிவாளோடு வருபவனிடமிருந்து ஓடலாம், கதவைச் சாத்தலாம், நாலு பேர் சேர்ந்து மடக்கலாம். போர்ட் ஆர்தரில் அந்த உணவகத்துக்குள் இருந்தவர்களுக்கு அதில் எதற்குமே நேரம் இருக்கவில்லை.

---

வெள்ளைச்சீருடை:

நான் நியூ சௌத் வேல்ஸின் உட்பகுதியில், கோதுமையும் ஆடும் மட்டுமே இருக்கிற ஒரு ஊரில் நர்ஸாக இருக்கிறேன். கொலை, கொள்ளை என்றே இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள். இந்தச் சட்டத்தின் பெரிய பங்கு தற்கொலையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

துப்பாக்கியால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான். 2021ல் அங்கே துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை. கொலை சுமார் 21,000. செய்தியில் வருவது இரண்டாவது எண் மட்டும்.

மழை இல்லாத வருடம், வங்கிக் கடன், தனிமை. அப்படி ஒரு ராத்திரியில் அந்த மனிதருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஒரு பூட்டு இருப்பது, துப்பாக்கி பக்கத்து வீட்டில் இருப்பது, அல்லது இல்லாமலே போவது என்ன வித்தியாசம் செய்யும் என்பதை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் கடந்துபோகக் கூடியது. காப்பாற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுப்பதில்லை.

இஸ்ரேல் ராணுவம் 2006ல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். சிப்பாய்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. வார நாட்களில் அது கூடவும் இல்லை. இங்கே லீ, நீல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2010ல் மாநிலவாரியாகப் பார்த்தார்கள். எந்த மாநிலத்தில் தலைக்கு அதிகத் துப்பாக்கிகள் திரும்ப வாங்கப்பட்டனவோ அங்கே துப்பாக்கித் தற்கொலை அதிகமாக விழுந்திருந்தது. மொத்தத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதச் சரிவு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

படிப்பவர்களில் யாருக்காவது இப்போது மனம் அப்படிக் கனத்திருந்தால், தனியாக இருக்காதீர்கள். உங்கள் ஊர் உதவி எண்ணையோ நம்பிக்கையான ஒருவரையோ இப்போதே கூப்பிடுங்கள்.

---

ஹூஸ்டன்காரன்:

நர்ஸ் அக்கா எழுதியதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இது குற்ற விவாதத்தில் வர வேண்டியது என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆனால் ஒரே சம்பவத்தில் பலரைச் சுட்டுக் கொல்லும் கூட்டக் கொலை பற்றி ஒன்று கேட்கிறேன். "1996க்கு முந்தைய 18 வருடத்தில் 13 கூட்டக் கொலைகள், பிறகு பத்து வருடத்தில் ஒன்றுகூட இல்லை" என்பதுதான் எல்லோரும் காட்டும் கணக்கு. பக்கத்து நாடான நியூசிலாந்தில் 1990ல் அரமோவானாவில் 13 பேர் கொல்லப்பட்டார்கள், 1997ல் ரவுரிமுவில் 6 பேர். அங்கே ஆஸ்திரேலியாவைப் போலப் பெரிய தடை வரவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நீண்ட காலம் கூட்டக் கொலை இல்லை. மெக்ஃபெட்ரனும் பேக்கரும் இதையே 2011ல் சுட்டிக்காட்டினார்கள். அப்படியானால் ஆஸ்திரேலியாவில் வேலை செய்தது சட்டம்தான் என்று எப்படிச் சொல்வது?

---

யாராக்கரை (மெல்பர்ன்):

அந்தக் கட்டுரை 2011ல் வலுவாகத்தான் இருந்தது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் ஆஸ்திரேலியன், நியூ சௌத் வேல்ஸில் பிறந்து வளர்ந்தவன். 2017ல் நியூசிலாந்து போய், அங்கே லைசன்ஸ் எடுத்து, செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களைக் கடையில் சட்டப்படி வாங்கினான். இங்கே சாதாரண ஆளாக அவனால் வாங்க முடியாத ரகம் அது. ஒரு மாதத்துக்குள் நியூசிலாந்து நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் தடை கொண்டுவந்தது. ஒரு சம்பவத்தை வைத்து ஆராய்ச்சி முடிவு எழுத முடியாது, தெரியும். ஆனால் நியூசிலாந்தை எடுத்துக்காட்டாகச் சொல்வதானால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

---

எண்ணும்எழுத்தும்:

கூட்டக் கொலை அரிதான நிகழ்வு. அரிதானதை வைத்துப் புள்ளிவிவரப்படி நிரூபிப்பது கடினம். அதனால் ஹூஸ்டன் அண்ணனின் கேள்வி நியாயமானதே. அந்த 13 கணக்கைத் தந்த சைமன் சாப்மனும் குழுவினரும் 2016ல் திரும்பவும் பார்த்தார்கள். 1979 முதல் 1996 வரை ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிச் சாவு சராசரியாக லட்சம் பேருக்கு 3.6. 1997 முதல் 2013 வரை 1.2. சரிவின் வேகமும் வருடத்துக்கு 3 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமானது. ஆனால் துப்பாக்கி இல்லாத கொலையும் தற்கொலையும் சேர்ந்தே குறையத் தொடங்கின. அதனால் இது சட்டத்தின் விளைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதினார்கள். சட்டத்தை ஆதரிப்பவர்கள் அந்த வரியை மறைத்துவிட்டு மேற்கோள் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

அதே சமயம் ஒன்றைக் கவனியுங்கள். துப்பாக்கி இல்லாத தற்கொலை 1996 வரை கூடிக்கொண்டே வந்தது, பிறகு குறைந்தது. துப்பாக்கி கிடைக்காதவர்கள் எல்லாம் வேறு வழிக்கு மாறியிருந்தால் அது எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை.

---

ஸ்காபரோ பொடியன்:

கனடாவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் ஒரு நாட்டின் சட்டத்தை அந்த நாட்டுக்குள்ளேயே வைத்துப் பேசுகிறீர்கள். ரொறொன்ரோவில் அது சரிவராது.

கனடாவில் 1995லேயே கடுமையான துவக்குச் சட்டம் வந்துவிட்டது. அதே காலத்தில்தான் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கட தமிழ்ப் பொடியன்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து ஆளையாள் சுட்டுக்கொண்டார்கள். கோப்பிக் கடை வாசலில், கார் நிறுத்துமிடத்தில். சும்மா நின்ற பிள்ளைகளும் செத்தார்கள். 2001ல் பொலிஸ் ஒரேயடியாகப் பலரைப் பிடித்த பிறகுதான் ஓய்ந்தது. அந்தக் காலத்துப் பெற்றோர் பட்ட பயம் இப்ப இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் ஒருவரும் லைசன்ஸ் எடுத்துத் துவக்கு வாங்கினவர்கள் இல்லை. இன்றைக்கும் ரொறொன்ரோ பொலிஸ் கைப்பற்றுகிற கைத்துவக்குகளில் மிகப் பெரும்பகுதி எல்லை தாண்டி அமெரிக்காவில் இருந்து கடத்தி வந்தவை. 2022ல் கைத்துவக்கு விற்பனையையே அரசாங்கம் நிறுத்தியது. கடத்துகிறவனுக்கு அதனால் என்ன?

ஆஸ்திரேலியாவைச் சுற்றிக் கடல். எங்களுக்குத் தெற்கே டெற்றோயிற்றும் பஃபலோவும். இதை மறந்து "அங்கே சரிவந்தது, இங்கேயும் வரும்" என்று சொல்லாதீர்கள்.

---

ஹூஸ்டன்காரன்:

தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சிகாகோவில் சட்டம் கடுமை, கொலையும் அதிகம். சட்டத்துக்குப் பணிபவன் மட்டும் ஆயுதத்தை இழக்கிறான்.

---

எண்ணும்எழுத்தும்:

தம்பி சொன்னதும் சிகாகோ கதையும் ஒன்றேதான், ஆனால் அது எதிர்ப்பக்கம் போகிறது அண்ணா. சிகாகோ நகராட்சி 2017ல் வெளியிட்ட அறிக்கைப்படி, குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகளில் சுமார் 60 சதவீதம் வேறு மாநிலங்களில் விற்கப்பட்டவை. இண்டியானா மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. கடுமையான சட்டம் பயனற்றது என்பதை இது காட்டவில்லை, பக்கத்துக் கடை திறந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. கள்ளத் துப்பாக்கியும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கடையில் சட்டப்படி விற்கப்பட்டதுதான்.

அமெரிக்காவுக்குள்ளேயே நல்ல சோதனை ஒன்று நடந்திருக்கிறது. மிசௌரி மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்க முதலில் ஷெரிப் அலுவலகத்தில் பெர்மிட் எடுக்க வேண்டியிருந்தது. 2007ல் அதை நீக்கினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் வெப்ஸ்டர் குழு பார்த்ததில் துப்பாக்கிக் கொலை தெளிவாகக் கூடியது, துப்பாக்கி இல்லாத கொலை கூடவில்லை. கனெக்டிகட்டில் 1995ல் அதே பெர்மிட்டைக் கொண்டுவந்தார்கள். பத்து வருடத்தில் துப்பாக்கிக் கொலை சுமார் 40 சதவீதம் குறைந்ததாக மதிப்பீடு. தடை என்ற பெரிய வார்த்தையைவிட, வாங்குபவன் ஓர் அலுவலகத்தில் நேரில் போய் நிற்க வேண்டும் என்ற சாதாரண விதி அதிக வேலை செய்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லா எண்ணும் என் பக்கம் இல்லை. பிரேசிலில் அன்றைய அதிபர் பொல்சொனாரோ 2019 முதல் சட்டத்தைத் தளர்த்தினார், அங்கே கொலை 2017ன் உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் சட்டம் நீண்ட காலம் தளர்வாகவே இருந்தது, கொலை மிகக் குறைவு. ஆனால் அதே வெர்மான்ட்டில் துப்பாக்கிச் சாவு என்றால் பெரும்பாலும் தற்கொலை. மேலே அக்கா எழுதியதற்கே திரும்பப் போக வேண்டியிருக்கிறது.

---

ஹூஸ்டன்காரன்:

சரி, சிட்னியின் பாண்டை கடற்கரைக்கு என்ன பதில்? 2025 டிசம்பர் 14, யூதர்களின் ஹனுக்கா விழாவில் 15 பேரைக் கொன்றார்கள். சுட்டவர்கள் தகப்பனும் மகனும். தகப்பனிடம் லைசன்ஸ் இருந்தது, பதிவு செய்த துப்பாக்கிகள் ஆறு. உலகமே புகழும் அந்தச் சட்டத்துக்குள்தான் இது நடந்தது.

---

யாராக்கரை (மெல்பர்ன்):

நடந்தது. அதைச் சின்னதாக்க மாட்டேன். எங்களுக்கு அது இன்னும் ஆறவில்லை.

1996 ஒப்பந்தம் எழுதியபடி முழுசாக அமலாகவே இல்லை. பதிவேடுகளை நாடு முழுக்க இணைக்க வேண்டும் என்று அன்றே ஒத்துக்கொண்டார்கள். ஆறு மாநிலமும் இரண்டு பிரதேசமும் ஆளுக்கொரு பதிவேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. 2022 டிசம்பரில் குயின்ஸ்லாந்தின் வியம்பிலாவில் இரண்டு போலீசாரும் பக்கத்து வீட்டுக்காரரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், 2023 கடைசியில், தேசியப் பதிவேட்டுக்கு ஒப்புதல் வந்தது. அதுவும் 2028க்குள் என்றார்கள். இதற்கிடையில் நாட்டில் பதிவான துப்பாக்கிகள் 40 லட்சத்தைத் தாண்டி, போர்ட் ஆர்தர் காலத்தைவிட அதிகமாகிவிட்டன. ஓர் ஆள் எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவைத் தவிர எங்கும் வரம்பு இல்லாமல் இருந்தது. புறநகர் வீட்டில் இருப்பவருக்கு ஆறு துப்பாக்கி எதற்கு என்று கேட்கும் கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. முப்பது வருடமாகப் பழைய புகழைச் சொல்லியே காலம் ஓட்டிய அரசுகள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்த வரம்பை எழுதப் பதினைந்து பேர் சாகும்வரை காத்திருந்தார்கள்.

---

ஹூஸ்டன்காரன்:

நேர்மையான பதில். நான் என் துப்பாக்கியைக் கொடுக்கப் போவதில்லை. கடையில் தனியாக நிற்பவன் நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். ஆனால் வீட்டில் பதின்ம வயது மகன் இருக்கிறான். பூட்டி வைக்கும் சட்டம் பற்றி ஆய்வுகள் உண்டா?

---

எண்ணும்எழுத்தும்:

உண்டு அண்ணா. ராண்ட் நிறுவனம் அமெரிக்கத் துப்பாக்கி ஆய்வுகள் அனைத்தையும் தொடர்ந்து சலித்துப் பார்க்கிறது. பல சட்டங்களுக்கு "ஆதாரம் போதாது" என்றே எழுதுகிறார்கள். வலுவான ஆதாரம் என்று அவர்கள் ஒத்துக்கொள்ளும் சிலவற்றில் ஒன்று, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டம். சிறுவர் தற்கொலையும் தவறுதலாக வெடித்துச் சாவதும் அதனால் குறைகின்றன.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். 2022ல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு கலிபோர்னியாவில் 1.7 கோடிக்கும் அதிகமானவர்களைப் பல வருடம் தொடர்ந்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் கொலையாகும் விகிதம், அப்படி இல்லாத வீட்டில் இருப்பவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். துணைவரால் சுடப்பட்டு இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடையில் வைத்திருப்பது வேறு, வீட்டுக்குக் கொண்டுவருவது வேறு.

---

வெள்ளைச்சீருடை:

ஹூஸ்டன் அண்ணா, பெட்டகம் வாங்கும்போது தோட்டாவுக்குத் தனிப் பூட்டு வையுங்கள், எங்கள் மாநிலத்தில் அதுதான் விதி. சாவி எங்கே இருக்கிறது என்று மகனுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எண் பூட்டாக வாங்கி, அவன் பிறந்தநாளையோ உங்கள் கல்யாண நாளையோ எண்ணாக வைக்காமல் இருங்கள்.